ஏசாவாக சலீஃப் கெய்ட்டா: மாலியில் எடுத்த ஆதியாகமம்

4 ஜனவரி – ஒரு வாசகரின் கேள்வி

மாலியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். அந்த நாட்டு இயக்குநர் ஒருவர் யாக்கோபு, ஏசா கதையைப் படமாக எடுத்திருக்கிறார். கறுப்பு மக்களுக்கு பைபிள் வேஷம் கட்டிவிடும் வேலைதானே இது? காலனிக் காலத்துப் பாதிரிமார் விட்ட இடத்திலிருந்து சினிமாக்காரர்கள் தொடர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

5 ஜனவரி

நான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைக்கு மேலேயே. அப்படித் தோன்றவில்லை.

பார்க்காதவர்களுக்காக முதலில் கதை. படம் 'லா ஜெனேஸ்' (ஆதியாகமம் என்று அர்த்தம்), இயக்குநர் ஷேக் உமர் சிசோக்கோ, ஆண்டு 1999, பேச்சு மாலியின் பம்பாரா மொழியில். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அந்த வருடம் 'அன் செர்த்தன் ரெகார்' பிரிவில் வந்தது. பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் நடுப்பகுதியிலிருந்து மூன்று கூட்டங்களை எடுத்துக்கொள்கிறார். யாக்கோபின் கூட்டம் கால்நடை மேய்க்கிறது. ஏமோரின் கூட்டம் ஊர் கட்டி வெள்ளாமை செய்கிறது. ஏசாவின் கூட்டம் வேட்டையாடுகிறது. மகன் யோசேப்பு செத்துவிட்டான் என்று நம்பி யாக்கோபு துக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஏமோரின் மகன் சீகேம், யாக்கோபின் மகள் தீனாளைத் தூக்கிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். பிறகு அவளையே கட்டிக்கொள்கிறேன் என்கிறான். விருத்தசேதனம் (சுன்னத்து) செய்துகொள்ளுங்கள், பெண் தருகிறோம் என்று அண்ணன்மார் சொல்கிறார்கள். அந்த ஊர் ஆண்கள் அதை நம்பிச் செய்துகொண்டு, வலியோடு கிடக்கும்போது அண்ணன்மார் வெட்டிப்போடுகிறார்கள். இதற்கெல்லாம் மேலே, தகப்பனின் ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபு ஏமாற்றிப் பறித்துக்கொண்டதற்குக் கணக்குத் தீர்க்க அண்ணன் ஏசா மலையில் காத்திருக்கிறான்.

வேஷம் கட்டியது ஹாலிவுட்தான். கிணற்றடியில் பெண் பார்ப்பது, பரிசம் பேசி மாடு கொடுப்பது, மேய்ச்சலுக்கும் வயலுக்கும் நடுவில் தண்ணீர்ச் சண்டை, தகப்பன் தலையில் கைவைத்துச் சொல்லும் வார்த்தைக்கு இருக்கும் பலம், ஒரே முற்றத்தில் இரண்டு மனைவிகள்: கலிஃபோர்னியாவில் இதற்கெல்லாம் செட் போட வேண்டியிருந்தது. சஹாராவின் தெற்கு விளிம்பான சாஹேல் நிலத்தில் கேமராவைத் திருப்பினால் போதும். மாலிக்காரர் ஒருவர் ஆதியாகமத்தைப் படித்தால் அது அவருக்குப் பக்கத்து ஊர்ச் செய்தி மாதிரி இருக்கும்.

5 ஜனவரி, இரவு

முஸ்லிம் நாடு என்ற பகுதிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

யாகூப் நபியும் யூசுப் நபியும் குர்ஆனில் இருக்கிறார்கள். 12ஆம் அத்தியாயம் முழுக்க யூசுபின் கதைதான். மகனை நினைத்து அழுது அழுது யாகூபின் கண்கள் வெளுத்துப் போனதும், யூசுபின் சட்டை முகத்தில் பட்டதும் பார்வை திரும்பியதும் அதில்தான் வருகிறது. ஆகவே துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவரை மாலியில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தீனாள் கதை மட்டும் குர்ஆனில் இல்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரின் வீட்டில், தெரியாத ஒரு காரியம் நடந்திருக்கிறது என்று பார்ப்பவருக்கு ஆகிறது. இந்தப் படம் அங்கே வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

8 ஜனவரி

முதல் குறிப்பில் நிலத்தைப் பற்றிச் சொன்னேன். அது மேலோட்டம். ஆழமான ஒற்றுமை வீட்டுக்குள் இருக்கிறது.

மாண்டே மக்களிடம், அதாவது பம்பாரா, மலிங்கே எல்லாரும் சேர்ந்த பெரிய குடும்பத்தில், உறவை இரண்டு பக்கமாகப் பார்க்கிறார்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களுக்குள் இருக்கும் பாசமும் கட்டுப்பாடும் 'பாதென்யா'. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய்மார் பெற்ற பிள்ளைகளுக்குள் இருக்கும் போட்டி 'ஃபாதென்யா'. நம் பேச்சில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்றும் பங்காளிகள் என்றும் சொல்வோமே, கிட்டத்தட்ட அது. ஆனால் அங்கே பங்காளிப் போட்டி கெட்டது மட்டுமில்லை. வீட்டை விட்டுக் கிளம்ப வைப்பது, பேர் எடுக்க வைப்பது, வீரனை உண்டாக்குவதும் அதுதான். மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாட்டாவின் காவியமே, மாற்றாந்தாய் மகன் பட்டத்தில் உட்கார, இவன் தாயோடு ஊரைவிட்டு ஓடிப்போய்ப் பிற்பாடு திரும்பி வரும் கதைதான்.

இந்தக் கண்ணோடு யாக்கோபின் வீட்டைப் பாருங்கள். மனைவி இரண்டு பேர். லேயாள் பெற்றவர்கள் ஆறு மகன்கள், ஒரு மகள், அவள்தான் தீனாள். ராகேல் பெற்றவர்கள் யோசேப்பும் பென்யமீனும். அடிமைப்பெண்கள் பில்காளுக்கு இரண்டு, சில்பாளுக்கு இரண்டு. யோசேப்பைக் குழியில் தள்ளுவது பங்காளி வேலை. தீனாளுக்காக வாளை எடுக்கும் சிமியோனும் லேவியும் லேயாளின் மகன்கள், அவளோடு ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். கொலை நடக்கும் வசனத்திலேயே அவர்களை தீனாளின் சகோதரர்கள் என்று தனியாகச் சொல்லியிருக்கும். பல வருடம் அதை வாசித்தும் நான் கவனித்ததில்லை. சிசோக்கோவின் படம் பார்த்த பிறகு ஆதியாகமத்தை எடுத்தால், யார் எந்தத் தாயின் பிள்ளை என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேதான் போகத் தோன்றுகிறது.

பாதிரிமார் கொண்டுவந்த பைபிளில் இந்த வாசிப்பு கிடையாது. பிரசங்கத்தில் பன்னிரண்டு பேரும் சேர்ந்து 'சகோதரர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருப்பார்கள். அவிழ்த்துக் காட்ட, இப்படிப்பட்ட முற்றத்தில் வளர்ந்தவர்கள் வேண்டியிருந்தது.

9 ஜனவரி

"அப்படியானால் பலதார மணத்தைப் படம் நியாயப்படுத்துகிறதா?" என்று ஒருவர். இல்லை. சிசோக்கோவின் 1989ஆம் வருடத்து 'ஃபின்ஸான்' பாருங்கள். புருஷன் செத்ததும் கொழுந்தனுக்குக் கட்டிவைக்கப் பார்ப்பதை எதிர்த்து ஒரு விதவை ஓடுவதுதான் அதில் கதை. பெண்கள் பக்கம் நிற்பது அவருக்குப் புதிது இல்லை.

14 ஜனவரி

யார் யார் எந்த வேஷத்தில் நடித்திருக்கிறார்கள் என்பதைப் பேசியே ஆக வேண்டும். எனக்கு இந்தப் படத்தின் மேல் பெரிய மரியாதை வந்தது இதனால்தான்.

ஏசாவாக வருவது பாடகர் சலீஃப் கெய்ட்டா. 1949இல் ஜோலிபா என்ற ஊரில் பிறந்தவர். கெய்ட்டா என்றால் சுந்தியாட்டாவின் வம்சம், அரச குலம். மாலியில் பாடுவது 'ஜெலி' எனப்படும் பாணர் குலத்தின் தொழில். பாட்டு, வம்ச வரலாறு, சமாதானத் தூது எல்லாம் அவர்கள் கையில். அரச குலத்துப் பிள்ளை பாடக் கூடாது. அதுபோக அவர் அல்பினோ, வெளுத்த தோலோடு பிறந்தவர், அதைக் கெட்ட சகுனமாகப் பார்த்த ஊர். பாடத்தான் போகிறேன் என்று அவர் இறங்கியபோது வீட்டோடு உறவு முறிந்தது. தலைநகர் பாமாக்கோவுக்குப் போய், 1970இல் ரயில் நிலைய ஹோட்டலில் வாசிக்கும் ரெயில் பேண்டில் சேர்ந்தார். மீதிக் கதை உலகத்துக்கே தெரியும்.

ஏசா யார்? மூத்தவன். பிறக்கும்போதே நிறமும் உடம்பும் வித்தியாசமாக இருந்ததாக ஆதியாகமம் சொல்கிறது. பிறப்புரிமையை இழந்து வெளியே நிற்பவன். இந்த வேஷத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் ஆப்பிரிக்காவில் கிடைக்க மாட்டார்.

யாக்கோபு சோட்டிகி குயாட்டே. இதை மாலிக்காரர் உடனே பிடித்துக்கொள்வார், நமக்குக் கொஞ்சம் நேரமாகும். குயாட்டே பாணர் குலம். அதிலும் கெய்ட்டாக்களின் பாணர்கள். சுந்தியாட்டாவின் பாணன் பல்லா ஃபாசேக்கே ஒரு குயாட்டே, அன்றிலிருந்து வரும் பந்தம். ஆக, மூத்தவனாக வருபவர் அரச குலம். பேச்சால் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்ட இளையவனாக வருபவர் பேச்சையே குலத்தொழிலாகக் கொண்டவர். இரண்டு பெயரையும் திரையில் எழுத்தாகப் பார்த்தாலே அந்த ஊர்க்காரருக்குப் பாதி கதை புரிந்துவிடும்.

14 ஜனவரி, கொஞ்சம் கழித்து

சோட்டிகி குயாட்டேயை நம்மவர்களில் சிலர் வேறு எங்கோ பார்த்திருப்பார்கள். ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தில் பீஷ்மர் அவர்தான். 1985இல் பிரான்சின் அவிஞோனில் மேடையேறி, 1989இல் படமானது. பங்காளிச் சண்டையை நடுவில் நின்று பார்த்து, தடுக்க முடியாமல் அம்புப் படுக்கையில் கிடந்த அதே மனிதர், பத்து வருடம் கழித்து யாக்கோபாக உட்கார்ந்திருக்கிறார். ஒல்லியான நெட்டை உடம்பு, அவசரமே இல்லாத குரல். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மனிதர் இரண்டு வம்சங்களின் அழிவைச் சுமப்பதுபோல் இருக்கிறது. 2009இல் பெர்லின் திரைவிழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார், மறு வருடம் காலமானார்.

20 ஜனவரி

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "திரைக்கதை எழுதியவர் பிரெஞ்சுக்காரர். அதை ஏன் சொல்லவில்லை?"

நியாயமான கேள்வி. எழுதியவர் ழான் லூயி சாகோ துவோரூ. ஆனால் பாரிஸில் இருந்துகொண்டு தபாலில் அனுப்பியவர் இல்லை. பாமாக்கோவில் 1998இல் தொடங்கிய ப்ளோன்பா நாடகக் குழுவை நிறுவியவர்களில் ஒருவர், அந்த ஊர் நாடகத்தோடு சேர்ந்து வேலை செய்தவர். எழுதியது அவராக இருந்தாலும், படம் பம்பாராவில் நடக்கிறது. உடைகள் கன்ஜூரா குலிபாலி என்ற மாலி ஓவியரின் வேலை. பருத்தித் துணியில் சேற்றால் கோலம் போடும் போகோலான் கலையை மீட்டெடுக்க 1970களின் கடைசியில் ஒன்றுசேர்ந்த கலைஞர்களில் அவர் ஒருவர். படத்தில் பார்க்கும் துணி எதுவும் ஞாயிறு பள்ளிப் படப் புத்தகத்திலிருந்து வந்தது இல்லை.

இருந்தாலும் உங்கள் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட மனம் வரவில்லை. மாலி மாதிரி நாட்டில் அன்று இந்த அளவு படம் எடுக்கப் பிரான்ஸ் பணம் இல்லாமல் முடியாது. 'ஆதியாகமம்' என்ற தலைப்பு ஐரோப்பியத் திரைவிழாக்களில் கதவைத் திறந்திருக்கும். அது உண்மை. ஆனால் கதவு திறந்த பிறகு உள்ளே என்ன கொண்டுபோய் வைத்தார் என்று பார்க்க வேண்டும். சிசோக்கோ 1995இல் 'கிம்பா' எடுத்தவர். மாலியின் சர்வாதிகாரி மூசா திராவோரே 1991இல் விழுந்த பிறகு, கொடுங்கோலன் ஒருவனின் ஊரைக் காட்டிய படம். ஆப்பிரிக்கப் படங்களுக்கான ஃபெஸ்பாக்கோ விழாவில் பெரிய பரிசு வாங்கியது. 2002இலிருந்து சில வருடம் மாலியின் கலாசார அமைச்சராகவும் இருந்தார். யாரோ சொல்லிக்கொடுத்ததைப் படமாக்கும் ஆள் இல்லை.

2 பிப்ரவரி

ஆதியாகமம் 34ஆம் அதிகாரம், அதாவது தீனாள் கதை பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் ஆதியாகமத்தை வரிசையாக வாசிப்போம். 33 முடிந்தால் மறுநாள் அப்பா 35ஐத்தான் திறப்பார். நடுவில் ஒன்று விட்டுப்போகிறதே என்று கேட்டதற்கு, நீயே பெரியவனானதும் வாசித்துக்கொள் என்றார். வாசித்தேன். எனக்கு அதில் கலங்கவைத்தது கொலை இல்லை. அந்த அதிகாரம் முழுக்க தீனாள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சீகேம் பேசுகிறான், ஏமோர் பேசுகிறான், அண்ணன்மார் பேசுகிறார்கள், கடைசியில் யாக்கோபும் பேசுகிறார். அவளுக்கு என்ன ஆயிற்று, பிறகு எங்கே இருந்தாள், ஒன்றும் இல்லை.

சினிமாவில் அப்படி விட்டுவிட முடியாது. அவளாக நடிக்க ஒரு பெண் வந்து நின்றே ஆக வேண்டும். இந்தப் படத்தில் ஃபத்துமாத்தா ஜவாரா. அன்று பதின்ம வயது, இன்று மாலியின் பெரிய பாடகிகளில் ஒருவர். அந்த முகம் திரையில் இருக்கும்வரை, ஆண்கள் கூடி மானம், பரிசம், பழி என்று பேசும் எதையும் நிம்மதியாகக் கேட்க முடியவில்லை.

இன்னொன்று வரிசை மாற்றம். பைபிளில் ஏசாவோடு சமாதானம் 33இல் முடிந்துவிடும், தீனாள் 34, யோசேப்பை விற்பது 37. சிசோக்கோ இதைத் திருப்பிப் போடுகிறார். யோசேப்பின் துக்கம் முதலில், தீனாள் நடுவில், ஏசாவோடு சமாதானம் கடைசியில். வேதத்தைக் கலைத்துவிட்டார் என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இது படத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது. மகளுக்கு நடந்ததைக் கேள்விப்பட்ட யாக்கோபு, மகன்கள் வயலிலிருந்து வரும்வரை பேசாமல் இருந்தார் என்று 34இல் ஒரு வசனம் உண்டு. ஏன் பேசாமல் இருந்தார்? பைபிளில் காரணம் இல்லை. படத்தில் இருக்கிறது: செத்துப்போனதாக நினைக்கும் ஒரு மகனுக்காக அழுதுகொண்டே, உயிரோடு இருக்கும் மகளைப் பார்க்காமல் விட்டுவிட்ட தகப்பன். பிரியமான ராகேலின் பிள்ளைக்கு ஒரு துக்கம், பிரியமில்லாத லேயாளின் பிள்ளைக்கு ஒரு மௌனம். 8ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன தாய்வழிக் கணக்கு இங்கேதான் சுடுகிறது.

3 பிப்ரவரி

நேற்று எழுதியது கனமாகிவிட்டது. படத்தில் சிரிப்பும் இருக்கிறது.

கொலைக்குப் பிறகு எல்லாக் கூட்டமும் சபை கூடுகிறது. அங்கே அவரவர் கதைகளை எடுத்துப்போட்டு ஒருவரை ஒருவர் நக்கல் செய்கிறார்கள். யாக்கோபின் மகன் யூதா தன் மருமகள் தாமாரிடம் மாட்டிக்கொண்ட கதை கூத்தாகவே வருகிறது. மாலியில் 'கொத்தேபா' என்று ஊர் நாடகம் உண்டு. பெரிய மனிதர்களை ஊர் நடுவில் கிண்டலடிக்க அதில் அனுமதி உண்டு. அதுபோக குலத்துக்குக் குலம் கேலி உறவும் உண்டு. ஒரு கெய்ட்டா ஒரு குலிபாலியைப் பார்த்தால் வாரிவிடலாம், குலிபாலி கோபித்துக்கொள்ளக் கூடாது, திருப்பி அடிக்கலாம். குலிபாலிகளை பயறு தின்னிகள் என்பது பழைய கேலி. கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் யாரை நீ கிண்டல் செய்யலாமோ அவனோடு சண்டை போட முடியாது என்ற ஏற்பாடு அது.

படத்தில் அந்தக் கேலி பகையைத் தீர்க்கவில்லை. ஆனால் வெட்டு விழாமல் ஒரு பொழுது நகர்கிறது. அது சின்ன விஷயமில்லை.

10 பிப்ரவரி

முடிவு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொள்வது ரொம்ப எளிதாக இல்லையா?"

எனக்கும் முதல் முறை அப்படித் தோன்றியது. இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன், காரணம் எடுத்த காலமும் இடமும். மாலியின் வடக்கே துவாரெக் மக்களின் கிளர்ச்சி 1990இல் தொடங்கியது. 1996 மார்ச்சில் திம்பக்டுவில் சுமார் 3,000 துப்பாக்கிகளைக் குவித்து எரித்தார்கள், சமாதானச் சுடர் என்று பெயர். ருவாண்டாவில் இனப்படுகொலை 1994இல். இதையெல்லாம் பார்த்த ஒருவர் 1999இல் சகோதரக் கொலையைப் பற்றிப் படம் எடுத்தால், கடைசியில் கட்டித்தழுவுவது அலங்காரம் இல்லை. இன்னும் ஆறாத புண்ணுக்கு மேல் வைத்த கை.

படம் எடுத்த இடம் ஹொம்போரி. சமதரையிலிருந்து செங்குத்தாக எழும் பாறை மலைகள். அதில் 1,155 மீட்டர் உயரமுள்ள ஹொம்போரி தோண்டோ மாலியிலேயே உயர்ந்த இடம். 2012க்குப் பிறகு அந்த வழியே போவதே ஆபத்தாகிவிட்டது. 2019 மார்ச்சில் அதே மோப்தி பிராந்தியத்தில் ஒகோசாகு என்ற, மேய்ச்சல்காரர்களான ஃபுலானிகளின் கிராமத்தில் 150க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். மேய்ப்பவர்கள் ஒரு பக்கம், உழுபவர்கள் ஒரு பக்கம் என்று அந்தப் பகுதியே பிளந்து கிடக்கிறது. ஆயுதக் குழுக்களும் அரசும் அந்தப் பிளவில் புகுந்து ஆடுகின்றன. யாக்கோபின் கூட்டம் ஏமோரின் ஊருக்குள் இறங்கும் காட்சியை இப்போது பழங்கதையாக என்னால் பார்க்க முடியாது.

ஆகவே அந்தச் சமாதானம் எளிதாக வந்ததா என்றால், ஆம், படத்தில் கொஞ்சம் எளிதாகத்தான் வருகிறது. அதை நம்பித்தான் அவர் எடுத்திருக்கிறார். அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது படத்தின் குற்றம் இல்லை.

18 பிப்ரவரி

புதிய ஏற்பாடு பக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டவருக்கு: தென்னாப்பிரிக்காவின் 'சன் ஆஃப் மேன்', 2006, மார்க் டார்ன்ஃபோர்ட் மே இயக்கியது, பெரும்பாலும் ஹோசா மொழி. இயேசு ஒரு குடிசைப்பகுதிப் பிள்ளை. ஏரோது குழந்தைகளைக் கொல்வது ராணுவ வன்முறையாக வருகிறது. பாலின் மலேஃபானே மரியாளாக நடித்திருக்கிறார், நல்ல பாடகி.

அதில் இயேசுவை ரகசியமாகக் கொன்று புதைத்துவிடுகிறார்கள். தாய் போய்த் தோண்டி எடுத்து, உடலைச் சிலுவையில் கட்டி ஊர் பார்க்க நிறுத்துகிறாள். சிலுவை தண்டனையாக இல்லாமல், இதோ என் பிள்ளையை இப்படிச் செய்தீர்கள் என்று தாய் வைக்கும் சாட்சியாகிறது. நிறவெறிக் காலத்தில் காவலில் காணாமல் போனவர்களின் எலும்புகளைத் தேடித் தோண்டிய நாடு அது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை நினைக்காமல் நம்மில் யாரும் அந்தக் காட்சியைத் தாண்ட முடியாது.

படமாக 'லா ஜெனேஸ்' அளவுக்கு எனக்கு முழுமை இல்லை. ஆனால் அந்த ஒரு மாற்றம் போதும்.

1 மார்ச்

எதை முதலில் பார்ப்பது என்று நிறையப் பேர். 'லா ஜெனேஸ்' பொறுமை கேட்கும் படம்; பெயர்கள் குழப்பும், அதனால் ஆதியாகமம் 25இலிருந்து 37வரை ஒரு முறை வாசித்துவிட்டு உட்காருங்கள். பைபிள் கதை இல்லாவிட்டாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு: சுலேமான் சிசேயின் 'யேலேன்' (1987), தகப்பன் மகனைக் கொல்லத் துரத்துவது, இத்ரிசா உவெத்ராவோகோவின் 'திலாய்' (1990), புர்கினா ஃபாசோ, ஊர் திரும்பும் மகன் தனக்கு நிச்சயித்தவளைத் தகப்பனே கட்டியிருப்பதைப் பார்ப்பது. இரண்டும் கான் விழாவில் பரிசு வாங்கியவை.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் படத்தைப் பார்த்துவிட்டார். "பாதிரி வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னும் ஒரு கதை பாக்கி இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். எது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பாக்கி இது: பில்காள், சில்பாள். எஜமானிகள் தங்கள் பேருக்குப் பிள்ளை வேண்டும் என்று புருஷனிடம் அனுப்பிய அடிமைப்பெண்கள். தாண், நப்தலி, காத், ஆசேர் நான்கு பேரும் இவர்கள் பெற்றவர்கள். பன்னிரண்டு கோத்திரத்தில் நான்கு. பில்காளிடம் யாக்கோபின் மூத்த மகன் ரூபன் போனதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு 35ஆம் அதிகாரம் நகர்ந்துவிடுகிறது, அவள் பக்கம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மாலியின் மேற்கே கேய்ஸ் பகுதியில் பரம்பரை அடிமை முறையை எதிர்ப்பவர்கள் இந்த நூற்றாண்டிலும் அடிபட்டு ஊரைவிட்டு விரட்டப்படுகிறார்கள். அந்தக் குடும்பங்களில் பிறந்த ஒரு பெண் கேமராவை எடுத்து, யாக்கோபின் வீட்டைப் பில்காளின் குடிசையிலிருந்து காட்டினால் அதுதான் நான் அடுத்துப் பார்க்க விரும்பும் ஆதியாகமம். நீங்கள் நினைத்ததும் அதுதானா?